காப்புக் கட்டியவர் வழக்கு

ஒரு தரம் கூப்பிட்டால் இருந்த இடத்திலிருந்தே "ம்" கொட்டுகிற என் மாணிக்கத்தின் அப்பாவுக்கு,

முதலில் பிள்ளைகளின் சேதி. அதைச் சொல்லி முடிக்காமல் வேறு எதைச் சொன்னாலும் உங்கள் காதில் ஏறாது என்று எனக்குத் தெரியாதா?

மூத்த பேத்தி சரசு எஸ்.எஸ்.ஸி. பாஸ். நம் தோட்டத்து டிவிஷனில் அந்தப் பரீட்சையில் தேறிய முதல் பெண் பிள்ளை அவள்தான் என்று வாத்தியாரே காலையில் வேலைக்கு ஆள் கூடுகிற பெரட்டுக்களத்தில் வைத்து எல்லாருக்கும் சொன்னார். இப்போது கண்டியில் ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் தாதிக்குப் படிக்கிறாள். அவள் தம்பி சிவலிங்கம் அக்கரப்பத்தனைப் பக்கம் ஒரு தோட்டப் பள்ளிக்கூடத்தில் உதவி வாத்தியார். நேற்றுவரை மூக்கு ஒழுகத் திரிந்தவன் உள்ளே வந்தால் நாற்பது பிள்ளைகள் எழுந்து நிற்கிறார்களாம். மகள் வீட்டுப் பேரன் குமார் அட்டனில் பஸ் இஞ்சினைக் கழற்றிப் பூட்டுகிறான். பூட்டின பிறகு பஸ் ஓடவும் செய்கிறது. கடைக்குட்டி செல்வி பேச்சுப் போட்டியில் வென்று ஒரு வெள்ளிக் கோப்பை கொண்டுவந்தாள். அதில் யாரும் தேத்தண்ணி குடிக்கக்கூடாது என்று நான் சட்டம் போட்டிருக்கிறேன். நான் மட்டும் ஒரு நாள் குடித்துப் பார்த்தேன்.

இந்த மூளையெல்லாம் எங்கிருந்து வந்தது என்று கேட்டால் நீங்கள் மீசையைத் தடவுவீர்கள். தடவுங்கள். ஐந்தாம் வகுப்புப் படித்தவள் நான். உங்கள் கையெழுத்தைப் போடப் பழகியதே நீங்கள் என்னிடம்தான்.

உங்கள் மூன்றாவது வருஷத் திதிக்கு மாணிக்கம் ஒரு சின்ன நினைவுப் புத்தகம் அச்சடிக்கிறான். என்னையும் எழுதச் சொன்னான்.

"அம்மா, நாலு பேரு படிக்கிறது. கோர்ட்டுக் கதையெல்லாம் வேணாம். அப்பாவைப் பத்தி நல்லதா ரெண்டு வார்த்தை எழுதுங்க."

"கோர்ட்டுக் கதையை விட்டா உங்கப்பாவைப் பத்தி நல்லதா என்னடா இருக்கு?" என்றேன். சிரித்தான். ஆனால் நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அந்தக் கதையை விட்டுவிட்டு உங்களுக்கு எழுத எனக்கு வேறொன்றும் இல்லை.

வாசிக்கிறவர்களுக்குத் தெரியாது என்பதால் கொஞ்சம் பழையதையும் சொல்கிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

பொகவந்தலாவை பஜாருக்குப் போகிற வழியில், தோட்ட எல்லை ஓடைக்கு அந்தப் பக்கம், கால் ஏக்கர் காணி. உங்கள் சிங்களக் கூட்டாளி பண்டா உங்களுக்கு விற்று எழுதிக் கொடுத்தது. இரண்டு பேரும் சேர்ந்து கிழங்கு போட்டவர்கள், ஒரே போத்தலில் மண்ணெண்ணெய் வாங்கிப் பங்கு பிரித்தவர்கள். உறுதிப் பத்திரம் எழுதி, கையெழுத்துப் போட்டு, சாட்சி வைத்துத்தான் வாங்கினீர்கள். தோட்டத்துப் பதிவில் பேர் இருக்கிற வரைக்கும்தான் லயத்து வீட்டுக் காம்பரா. பேரை வெட்டினால் பெட்டி படுக்கையோடு இறங்க வேண்டியதுதான். இந்தத் தீவில் "இறங்கு" என்று யாரும் நம்மைச் சொல்ல முடியாத இடம் அந்தக் கால் ஏக்கர் ஒன்றுதான். ஒரு தகரக் கூரை வீடும் போட்டு வைத்தீர்கள்.

பண்டா செத்த மறு மாதம் வலப்பனையிலிருந்து அவர் தம்பி மகன் வந்தான். இந்தக் காணி பொதுச் சொத்து, பெரியப்பாவுக்குத் தனியாக விற்க உரிமை இல்லை என்றான். நம் வீட்டுக்குப் பூட்டுப் போட்டான், வேலி அடித்தான். நீங்கள் டவுனில் ஒரு பிரக்கராசி லோயரைப் பிடித்து வழக்குப் போட்டீர்கள்.

அந்த வழக்கை யாரும் விசாரிக்கவே இல்லை. உறுதியைப் பிரித்துப் பார்க்கவே இல்லை. அதுதான் என் நெஞ்சில் கிடந்த கல்.

அந்த மாசியில் காமன் கூத்துக்குக் கம்பம் ஊன்றினார்களே, நினைவிருக்கிறதா? காப்புக் கட்ட வேண்டியவர் மேல் லயத்துப் பெரியசாமி. அன்று காலையில்தான் அவருடைய சின்னம்மா இறந்த சேதி வந்து அவருக்குத் தீட்டாகிவிட்டது. சாயங்காலம் பூசாரி மஞ்சள் கயிற்றைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறார். கட்டிக்கொள்கிறவர் பௌர்ணமிக்குக் காமனை எரிக்கும் வரை விரதம் இருக்க வேண்டும், தோட்ட எல்லையைத் தாண்டக்கூடாது. ஆம்பிளைகள் எல்லாரும் தரையைப் பார்க்கிறார்கள். ஒருவனுக்கு மச்சான் கல்யாணம். ஒருவன் அட்டனுக்குப் பல் பிடுங்கப் போக வேண்டுமாம்.

"யாராச்சும் ஒருத்தன் கையக் குடுங்கப்பா. கம்பம் நின்னுக்கிட்டிருக்கு" என்றார் பூசாரி.

நீங்கள் கையை நீட்டினீர்கள். நான் பொம்பளைகள் கூட்டத்தில் நின்றிருந்தேன். புதன்கிழமை கோர்ட் என்று எனக்குத் தெரியும். கத்தவா முடியும்? முடிச்சுப் போடுகிற வரைக்கும் உங்கள் முகத்தையே பார்த்தேன். நீங்கள் என் பக்கம் திரும்பவில்லை. வேண்டுமென்றுதானே?

வீட்டுக்கு வந்ததும் பிடித்துக்கொண்டேன்.

"ஏங்க, அடுத்த வாரம் புதன்கிழமை கோர்ட்டு. மறந்துட்டீங்களா?"

"மறக்கல."

"மறக்காமலா கையை நீட்டினீங்க?"

"யாருமே நீட்டலியே புள்ள. கம்பத்தை நட்டுட்டு அப்படியே விடவா? நீதான் அஞ்சாப்புப் படிச்சவளாச்சே. பிரக்கராசி ஐயாவுக்கு ஒரு கடுதாசி போடு. வேற தேதி வாங்கித் தருவாரு."

"தரலேன்னா?"

"காமன் வாங்கித் தருவாரு, போ."

எழுதினேன். பள்ளிக்கூடத்தில் வாத்தியார் சொல்லிக் கொடுத்தபடி முதலில் சுகம் விசாரித்து எழுதினேன். "இங்கு என் வீட்டுக்காரரும் நாங்களும் நல்ல சுகம். அதுபோல் தங்கள் சுகத்தையும் தங்கள் குடும்பத்தார் சுகத்தையும் அறிய ஆவல்." அதற்குப் பிறகுதான் சங்கதி. வீட்டுக்காரர் காமனுக்குக் காப்புக் கட்டியிருப்பதால் பௌர்ணமி முடியும்வரை எல்லை தாண்ட மாட்டார், தயவுசெய்து கோர்ட்டில் சொல்லி வேறு நாள் வாங்கித் தரவும். எட்டு நாளைக்கு முன்னாலேயே தபாலில் சேர்த்தாயிற்று.

புதன்கிழமை நீங்கள் ஒன்றும் நடக்காதது போலத் தேயிலைச் செடி கவ்வாத்து வெட்டப் போனீர்கள். ஓடைக்கரை மலையில் வேலை. மத்தியானம் நான் உங்களுக்குச் சாப்பாடு கொண்டுவந்தபோது பஜார் கடைக்காரர் காசிம் நானா அந்தக் கரையில் வந்து நின்றார். தன் கடை விஷயமாக அன்று கோர்ட்டுக்குப் போயிருந்தவர்.

"அண்ணே! ஒங்க பேரை மூணு தரம் கூப்பிட்டாங்க!"

"பிரக்கராசி தேதி கேட்டாரா நானா?"

"அவரு வாயத் தொறக்கல. ஒங்களைத் தேடித்தான் சுத்திச் சுத்திப் பாத்தாரு. வழக்காளி வரலன்னு கேசைத் தள்ளிட்டாங்க!"

நீங்கள் இந்தக் கரையில் கத்தியோடு நின்றீர்கள். இடையில் எல்லை ஓடை, ஆறு முழம் தண்ணீர். ஒரு பாலம். அப்போதும் நீங்கள் அந்தப் பாலத்தில் கால் வைக்கவில்லை. எனக்கு வந்த ஆத்திரத்தில், "உங்க காமனே வந்து வேலியைப் பிடுங்கட்டும்" என்று சொல்லிவிட்டேன். சாப்பாட்டை மண்ணில் வைத்துவிட்டு வந்தேன். நீங்கள் சாப்பிட்டீர்களா என்று இன்றுவரை கேட்கவில்லை.

வராததற்குத் தகுந்த காரணம் காட்டினால் வழக்கைத் திரும்ப எடுக்கலாம் என்றார் பிரக்கராசி ஐயா. பேசுகிற தமிழ் அவருக்குத் தெரியும், எழுத்துத் தெரியாது. இங்கிலீஷில் ஒரு சத்தியக் கடதாசி நீட்டினார். "சும்மா, வர முடியல்லன்னு எழுதியிருக்கு, போடுங்க" என்றார். நான் பழக்கிக் கொடுத்த கையெழுத்தை அழகாகப் போட்டீர்கள்.

விசாரணை அன்று நான் பின்வாங்கில் உட்கார்ந்திருந்தேன். எதிர்க்கட்சி லோயர் எழுந்து ஏதோ கேட்டார், கோர்ட்டு முதலியார் அதைத் தமிழில் மொழிபெயர்த்துச் சொன்னார்: "அன்றைக்கு உமக்குக் கடுமையான காய்ச்சலா?"

"காய்ச்சலா? இல்லீங்களே. யாரு சொன்னது?"

கோர்ட்டே சிரித்தது. அந்த லோயர் சிரிக்கவில்லை. தோட்டத்து ஆபீசில் ஆள் வரவு பதிகிற செக்ரோல் புத்தகத்தின் பிரதியை நீட்டினார். அந்தப் புதன்கிழமை உங்களுக்கு முழுப் பேர், அதாவது முழு நாள் சம்பளம், போட்டிருக்கிறது, கவ்வாத்து வேலை. பிறகு சத்தியக் கடதாசியைத் தூக்கிக் காட்டினார். காய்ச்சலில் படுத்திருந்தேன் என்று எழுதி, கீழே உங்கள் கையெழுத்து.

உங்கள் முகத்தை நான் பக்கவாட்டில்தான் பார்த்தேன். காது சிவந்துவிட்டது. ஆனாலும் நேராக நின்று சொன்னீர்கள்.

"சாமி, எனக்குக் காய்ச்சல் இல்லீங்க. காமனுக்குக் காப்புக் கட்டியிருந்தேன். எல்லை தாண்டக்கூடாது. என் சம்சாரம் முன்னாடியே கடுதாசி போட்டிச்சு."

நீதவான் பிரக்கராசியைப் பார்த்தார். அவர் பைலைப் புரட்டு புரட்டு என்று புரட்டி ஒரு காகிதத்தை எடுத்தார். என் கடுதாசி. ஆபீசில் யாருக்கும் வாசிக்கத் தெரியாமல் அப்படியே கோர்த்து வைத்திருக்கிறார்கள். நீதவான் வாங்கிப் பார்த்து, மொழிபெயர்ப்பு எங்கே என்று கேட்டார். இல்லை. ஒரு நம்பர் போட்டு அதை வழக்குக் கட்டோடு சேர்த்தார்கள், வாசிக்கவில்லை. வராததற்குச் சொன்ன காரணம் பொய், மனுத் தள்ளுபடி என்று முடிந்தது.

 திரும்பி வரும் பஸ்ஸில் வளைவுக்கு வளைவு சாய்ந்து, பொகவந்தலாவையில் இறங்கின பிறகுதான் கேட்டீர்கள்.

"ஏ புள்ள, நான் பொய்யனா?"

நான் பதில் சொல்லவில்லை. காணி போய்விட்டதே என்ற ஆத்திரம் எனக்கு. மூன்று எழுத்தில் ஒரு பதில் சொல்ல எனக்கு என்ன கேடு வந்தது?

அப்பீல் பண்ண பத்து நாள்தான். வேறு பிரக்கராசி தேட நேரமில்லை, நமக்கு வேறு ஆளையும் தெரியாது. எட்டாம் நாள் மழையில் போய் அப்பீல் மனுவில் கையெழுத்துப் போட்டு வந்தீர்கள். "இதுல என்ன எழுதியிருக்குன்னு ஒவ்வொரு வரியும் கேட்டுட்டுத்தான் போட்டேன்" என்று சொன்னீர்கள். அதுவரைதான் உங்களுக்குத் தெரியும். கொழும்பிலிருந்து தேதி வருவதற்குள் அந்த ஆடிக் காற்றில் கவ்வாத்து மலையிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டீர்கள்.

இனி நான் சொல்வதெல்லாம் உங்களுக்குப் புதிசு.

வழக்காளி செத்துப்போனால் அவர் இடத்தில் குடும்பத்தில் ஒருவர் பேர் கொடுத்து நிற்க வேண்டுமாம். இல்லாவிட்டால் அப்பீலும் தானாகச் செத்துவிடும். கருமாதி முடிந்த பதினெட்டாம் நாள் பிரக்கராசி ஐயா சொல்லி அனுப்பினார். நானும் மாணிக்கமும் போனோம். வெள்ளிக்கிழமைக்குள் கடதாசி கொழும்புக்குப் போயாக வேண்டும், அன்று புதன். மேசையில் டைப் அடித்துத் தயாராக ஒரு சத்தியக் கடதாசி. பேனாவையும் மூடி கழற்றி வைத்திருந்தார்.

"இங்க ஒரு கையெழுத்து, அம்மா."

"தமிழ்ல சொல்லுங்க ஐயா. ஒரு வரி விடாம."

அவர் மாணிக்கத்தைப் பார்த்தார். பிறகு சொன்னார். நான் அவருடைய மனைவி, அவர் இடத்தில் நிற்க விரும்புகிறேன். அதுவரை சரி. அடுத்த வரியில், என் கணவருக்கு நெடுநாளாக நெஞ்சு நோய் இருந்தது, வழக்கு நாளன்று அந்த நோயால் அவர் நடக்க முடியாமல் இருந்தார்.

"அவருக்கு அன்னைக்கு ஒரு நோயும் இல்ல."

"இப்ப நெஞ்சு வலியிலதானே செத்தார்? மரணச் சர்ட்டிபிக்கேட் இருக்கு. யாரும் கேக்கமாட்டாங்க. பாவம் பாப்பாங்க."

"அன்னைக்குச் செக்ரோல்ல முழுப்பேரு இருக்கே."

"வேலைக்கு வந்து, இடையில நெஞ்சு வருத்தம் வந்ததுன்னு சொல்லலாம். காப்பு, கம்பம் எல்லாம் சொன்னா கொழும்புல சிரிப்பாங்க. நோய்தான் சட்டத்துக்குப் புரியும்."

"என் கடுதாசி அந்தக் கட்டுல இருக்கு ஐயா. அதுல வீட்டுக்காரர் நல்ல சுகம்னு எழுதியிருக்கேன்."

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று அப்போதுதான் அவருக்கே தெரிகிறது.

"அதை யாரும் வாசிக்கல்லையே அம்மா" என்றார் மெதுவாக. "வாசிக்காமலே இருக்கட்டும்."

மாணிக்கம் என் கையைப் பிடித்தான். "அம்மா, அப்பா போயிட்டாங்க. இனி அவங்களுக்கு எது வந்து என்ன? நாளைக்கு என் பேரையும் வெட்டினா புள்ளைங்கள எங்க கொண்டு வெக்கிறது? போட்டுருங்கம்மா."

அவன் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. பேனாவைக் கையில் எடுத்தும்விட்டேன். உங்கள் மேல் ஆணையாகச் சொல்கிறேன், எடுத்தேன். அந்தக் கால் ஏக்கர், தகரக் கூரை, நீங்கள் வைத்த பேரி மரம், எல்லாம் அந்தப் பேனா முனையில் நின்றது. ஒரு கையெழுத்து. போட்டால் காணி வரலாம். ஆனால் காப்புக் கட்டி எல்லைக்கு உள்ளே நின்ற மனுஷனை, இரண்டாம் தரமும் பொய்யனாக்கி, இந்தத் தடவை என் கையாலேயே எழுதி வைத்ததாகிவிடும். பஸ்ஸை விட்டு இறங்கிக் கேட்ட கேள்விக்கு நானே "ஆமாம்" என்று பதில் எழுதினதாகிவிடும்.

பேனாவைக் கீழே வைத்தேன்.

"முதல் வரிக்கு மட்டும் போடுறேன். ரெண்டாவது வரியை வெட்டுங்க."

"வெட்டினா கேஸ் நிக்காது."

"அப்ப உண்மையை எழுதுங்க. கடுதாசி எட்டு நாளைக்கு முன்னாடியே வந்துச்சு, உங்க ஆபீசுல யாரும் வாசிக்கலேன்னு எழுதுங்க."

அவர் முகம் வெளுத்தது. "அதை எழுதினா குற்றம் என் தலையில விழும், தெரியுமா? முப்பது வருஷமா இந்தக் கோர்ட்டுல தொழில் செய்றேன்."

"நாங்களும் முப்பது வருஷமாத்தான் இந்தத் தோட்டத்துல தொழில் செய்றோம். அவரை எல்லாரும் பாத்துச் சிரிச்சாங்களே, அன்னைக்கு நீங்க எந்திரிச்சு ஒரு வார்த்தை சொன்னீங்களா?"

இப்படிப் பேசுவேன் என்று எனக்கே தெரியாது. மாணிக்கம் தலையைக் குனிந்துகொண்டான். அவர் அந்தக் கடதாசியை இழுப்பறைக்குள் போட்டார். நாளைக்கு வாருங்கள் என்றுகூடச் சொல்லவில்லை. வெளியே வந்து பஸ் ஏறும்போது மாணிக்கம் கேட்டான், "இப்ப சந்தோஷமா அம்மா?" இதற்கு நான் என்ன சொல்ல? நான்தான் அவன் பிள்ளைகளின் நிலத்தைத் தூக்கி எறிந்துவிட்டேனோ என்று வழியெல்லாம் அதே நினைப்பு.

வியாழன் முழுக்கக் கொழுந்து எடுத்தேன். விரல்தான் வேலை செய்தது. வெள்ளிக்கிழமை காலையில் முதல் பஸ்ஸுக்கே போய் அவர் ஆபீஸ் கந்தோர் வாசலில் நின்றேன். மாணிக்கம் வரவில்லை, கோபம். பத்து மணிக்குப் பிரக்கராசி ஐயா வந்தார். என்னை உள்ளே கூப்பிட்டு இரண்டு கடதாசி எடுத்துப் போட்டார். ஒன்று எனக்கு, முதல் வரி மட்டும். இன்னொன்றைக் காட்டி, "இது உங்களுக்கு இல்ல, எனக்கு" என்றார்.

அது அவருடைய சத்தியக் கடதாசி. கடிதம் தக்க நேரத்தில் என் கந்தோருக்கு வந்தது, தமிழில் இருந்ததால் வாசிக்கப்படாமல் கிடந்தது, காய்ச்சல் என்று எழுதியது என் யோசனை, வழக்காளிக்கு அதில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாது. ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.  பிறகு பேனாவை என்னிடம் நீட்டினார்.

"ரெண்டு நாளா எனக்குச் சோறு இறங்கல்ல அம்மா" என்றார்.

"எனக்கும்தான் ஐயா" என்றேன்.

கொழும்பில் கேட்பதற்கு இரண்டரை வருஷம் ஆயிற்று. அட்டனில் ரயில் ஏறி நானும் மாணிக்கமும் போனோம். கோபம் தீர்ந்திருந்தது, டிக்கெட் எடுத்ததே அவன்தான். இரண்டு நீதவான்கள். எங்களை யாரும் ஒன்றும் கேட்கவில்லை, கேட்கவும் மாட்டார்களாம். எல்லாம் இங்கிலீஷ். நம் பக்கத்துக்கு நின்ற அட்வகேட்டின் உதவியாள் தமிழ்ப் பிள்ளை, எங்கள் பக்கத்தில் குனிந்து அவ்வப்போது சொன்னான். எதிர்ப்பக்க அட்வகேட் வெகு நேரம் பேசினார். வர முடியாதவன் வேறு, வர மாட்டேன் என்றவன் வேறு, வர மாட்டேன் என்றவனுக்குக் கோர்ட் எதற்குக் கதவைத் திறக்க வேண்டும் என்றாராம்.  அவர் கேட்டதும் நியாயம் மாதிரித்தானே இருக்கிறது?

அப்புறம் என் கடுதாசியை எடுத்தார்கள். இந்தத் தடவை சத்தியம் செய்த மொழிபெயர்ப்பும் இருந்தது. நம் அட்வகேட் முதலிலிருந்து வாசித்தார். வாசிக்கும்போது வயதான நீதவான் நிமிர்ந்து சிரித்துவிட்டு ஏதோ கேட்டார். எனக்கு உயிரே போய்விட்டது. சிரிக்கிறார்களே, பிரக்கராசி சொன்னபடியே ஆகிவிட்டதே என்று.

"என்னப்பா சொல்றாரு?"

"இந்த அம்மா என் குடும்பத்தையும் சுகம் விசாரிச்ச மாதிரி இருக்குன்னு சொல்றாரு. காய்ச்சல்னு பொய் சொல்ல நெனச்சவங்க, எட்டு நாளைக்கு முன்னாடி நல்ல சுகம்னு எழுதுவாங்களான்னு அவங்க அட்வகேட்கிட்ட கேக்கிறாரு."

 எதிர்ப்பக்க அட்வகேட் காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வாத்தியார் பிரம்பைக் காட்டிப் பழக்கின அந்தச் சுகம் விசாரிக்கிற வரி, சும்மா வழக்கத்துக்கு எழுதினது, அங்கே போய் உங்களுக்குச் சாட்சி சொல்லிக்கொண்டு நின்றது.

அன்றைக்கே தீர்ப்புச் சொல்லவில்லை. இரண்டு மாதம் காக்க வைத்தார்கள். தபால்காரர் லயத்துப் பக்கம் திரும்பும்போதெல்லாம் வாசலுக்கு வந்து நிற்பேன். போன மாதம் ஒரு சனிக்கிழமை, காசிம் நானா ஆள் அனுப்பினார், பிரக்கராசி ஐயா காரில் வந்து கடையில் காத்திருக்கிறார் என்று. கூடையை இறக்கி வைத்துவிட்டு நடந்தேன். நல்ல சேதியானால் அவர் ஏன் நேரில் வர வேண்டும், கெட்ட சேதியானால்தான் ஏன் நேரில் வர வேண்டும்? பஜார் வரைக்கும் இதே யோசனை.

"தள்ளினதைத் தள்ளிட்டாங்க அம்மா" என்றார். "வழக்காளி நேரத்தோட தன் லோயருக்கு எழுதி வேற நாள் கேட்டிருக்கார், அசட்டையா இருந்தது அவர் இல்லன்னு எழுதியிருக்காங்க. என்னைப் பத்தியும் ரெண்டு வரி எழுதியிருக்காங்க. அது நல்லா இல்ல."

"காய்ச்சல் சங்கதி?"

"அந்தப் பொய் அவருடையது இல்லன்னு எழுதியிருக்காங்க."

காசிம் நானா ஒரு தேத்தண்ணியை என் முன்னால் வைத்தார். அவசரமாக எடுத்ததில் பாதி அவர் இடுப்பில் கட்டியிருந்த சாரத்தில் கொட்டியது. "பரவால்ல அக்கா, ஒங்க கேசு ஜெயிச்சா ரெண்டு சாரமும் வாங்கித் தருவீங்க" என்றார்.

இன்னும் ஜெயிக்கவில்லை. அதைச் சொல்லிவிடுகிறேன், நீங்கள் அங்கே மீசையை முறுக்கிக்கொண்டு கிளம்பிவிடாதீர்கள். வழக்குக்கு உயிர் வந்திருக்கிறது, அவ்வளவுதான். முதலிலிருந்து விசாரணை. உறுதியை இனிமேல்தான் பிரித்துப் பார்க்கப் போகிறார்கள். பண்டாவுக்குத் தனியாக விற்க உரிமை இருந்ததா என்று இனிமேல்தான் கேட்கப் போகிறார்கள். இல்லை என்று முடிந்தாலும் முடியலாம். வேலி அடித்த அந்தப் பையனைப் பஜாரில் பார்த்தேன். சின்னதில் நம் வீட்டில் சோறு தின்றவன்தானே, கண்ணைப் பார்க்க முடியாமல், "ஆச்சி, என்மேல கோபமா?" என்றான். "கோபம் ஒண்ணும் இல்லப்பா. வேலியை நல்லாப் பாத்துக்க, கம்பி எங்களுக்குத் தேவைப்படும்" என்றேன். வாய்தான் அப்படிப் பேசியது. உள்ளுக்குள் எனக்குப் பயம்.

விசாரணைத் தேதியைப் பிரக்கராசி ஐயா ஒரு காகிதத்தில் தந்தார். பிரித்துப் பார்த்தேன். தமிழில் இருந்தது. தமிழ் தெரிந்த கிளாக்கர் ஒருவரை அவர் கந்தோரில் சேர்த்திருக்கிறாராம். கடையில் எல்லாருக்கும் கேட்கும்படி நானே சத்தமாக வாசித்தேன்: வழக்காளி என்று இருக்கிற இடத்தில் என் பேர், அதற்குப் பக்கத்தில், இறந்துபோன இன்னாரின் மனைவி என்று உங்கள் பேர். ஒரு நாளும் நான் வாயால் சொல்லாத பேர். வாசிக்கும்போது அதைத் தாண்டிப் போகாமல் வாசித்தேன்.

அடுத்த மாதம் விசாரணை. மழை பெய்தாலும் மண் சரிந்தாலும் முதல் நாளே டவுனுக்குப் போய், காசிம் நானாவின் மகள் வீட்டில் தங்கி, கதவு திறக்கும்போது நான் வாசலில் நிற்பேன். மூன்று தரம் கூப்பிட வேண்டியிராது. முதல் தரத்திலேயே "இருக்கேன் சாமி" என்பேன். அன்றைக்கு பஸ்ஸை விட்டு இறங்கி நீங்கள் கேட்டீர்களே, அதற்கு என் பதில் இதுதான்: இல்லை. நீங்கள் பொய்யன் இல்லை. சொல்ல இத்தனை காலம் ஆனதற்கு என்னை மன்னித்துக்கொள்ளுங்கள்.

ஒன்றே ஒன்று. சரசு, இந்தப் புத்தகம் உன் கைக்கும் வரும். போன தடவை நீ அனுப்பின படத்தில் கண்ணை மூடிக்கொண்டிருக்கிறாய், தொப்பியும் கோணல். வேலை உடுப்போடு, கண்ணைத் திறந்து, நேராக நின்று புதிதாக ஒரு படம் எடுத்து, மடங்காமல் அட்டை வைத்துத் தபாலில் போடு. அந்த வீடு திரும்பி வந்தால் சுவரில் முதல் ஆணி அடிப்பது அதற்குத்தான். வராவிட்டால், என் பெட்டிக்குள் இருக்கட்டும். எப்படியும் போடு.

இப்படிக்கு,
உங்கள் இடத்தில் நிற்கிற வழக்காளி,
மாணிக்கத்தின் அம்மா